எல்லையற்றோர் மன்றத்தின் அங்கத்துவப் படிவம்

எங்கள் மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடி மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் தேசம் என்ற கருத்து ஒழிக்கப்பட்டு வந்தது. காலை பத்து மணிக்குத் தொடங்கினால் பதினொன்றரைக்குள் ஒழித்து முடித்துவிடுவார்கள். பிறகு வடையும் தேத்தண்ணீரும்.

ஒழித்தவர் ஐந்தாம் மாடிக்காரர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, இளவயதிலேயே வெளிநாடு போய், அங்கே பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த நாட்டில் பனி விழத் தொடங்கியதும் கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்து, கடல் தெரியும் தன் ஃபிளாட்டைத் திறந்து, பனி உருகும்வரை எங்களுடன் இருப்பார். ஓய்வு பெற்ற மற்றவர்கள் பூச்செடி வளர்த்தார்கள், நடை போனார்கள். இவர் சிந்தித்தார். சிந்தித்ததை யாருக்காவது சொல்லாவிட்டால் அவருக்குச் சமிபாடு ஆவதில்லை. கட்டட நிர்வாகக் குழுத் தலைவர், ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, மண்டபத்தைத் திறந்துவிட்டார். நாங்கள் பதினைந்து பேர் போய் உட்கார்ந்தோம். லிஃப்ட் இருந்ததால் போனோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் மூன்றாம் மாடி. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். வெளிநாடு போகிறவர்களின் பிறப்புச் சான்றிதழ்களையும் கலியாணச் சான்றிதழ்களையும் ஆங்கிலத்தில் பெயர்த்து முத்திரை குத்திக் கொடுப்பது என் தொழில். எங்கள் பிறப்புச் சான்றிதழில் தகப்பனின் இனம் என்று ஒரு கூடு உண்டு. இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர், இலங்கைச் சோனகர் என்று அந்தக் கூட்டுக்குள் இருப்பதை நாள் முழுவதும் தட்டச்சுச் செய்கிறவள் நான். ஒரு குழந்தை பிறந்து கண் திறக்குமுன் அது எந்தக் கூட்டுக்குள் இருக்க வேண்டும் என்று அரசாங்கத்துக்குத் தெரிந்திருக்கிறது. ஆகையால் முதல் ஞாயிறு அவர் பேசியபோது, மற்றவர்களைவிட நான் கொஞ்சம் கூடுதலாகவே உருகிவிட்டேன். அதை மறைத்து என்ன பயன்?

"நாடு எண்டது வெள்ளைக்காரன் கப்பலில கொண்டுவந்து இறக்கின சரக்கு," என்றார். "கோடு கீறினான், கொடி குத்தினான், கணக்கெடுப்பு எடுத்தான். எங்கட ஆக்கள் நிலத்துக்கு வேலி போடேல்லை. கோயிலுக்குக் கோயில் நடந்தவை. பஞ்சபூதத் தலங்களைப் பாருங்கோ. நிலத்துக்கு ஒண்டு, நீருக்கு ஒண்டு, நெருப்புக்கு ஒண்டு. ஆர் ராசா எண்டு கேட்டோ எங்கட சனம் போனது? தீர்த்தம் எண்டா என்ன? கடக்கிற துறை. எங்கட சிந்தனையில புனிதமான இடம் எண்டாலே கடக்கிற இடம். அவனுக்கு எல்லை எண்டா மறிக்கிற இடம்."

கீழே கரையோர ரயில் ஒன்று போனது.

"ஆன்மாவுக்கு ஆண் பெண் இல்லை, சாதி இல்லை, பாஸ்போர்ட் இல்லை," என்று தொடர்ந்தார். "என்னை ஆரும் எந்த நாடு எண்டு கேட்டால், நான் வெறும் யாத்திரிகன் எண்டுதான் சொல்லுவன்."

நான் கைதட்டினேன். உண்மையாகவே தட்டினேன். அன்றிலிருந்து எங்களுக்கு அவர் யாத்திரிகர்.

மூன்றாம் ஞாயிறு என் தோழியையும் கூட்டிப்போனேன். அவள் கொட்டாஞ்சேனைக்காரி. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் எழுதுவினைஞர். அந்த அலுவலகத்தின் கடிதங்களை நான் மொழிபெயர்க்கத் தொடங்கியதிலிருந்து இருபது வருடப் பழக்கம். கத்தோலிக்க வீட்டில் பிறந்தவள், சைவரைக் கலியாணம் கட்டியவள். செவ்வாய்க்கிழமை புனித அந்தோனியாருக்கு மெழுகுதிரி, வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் தேவாரம் என்று வாரத்தைச் சண்டையில்லாமல் பிரித்து வைத்திருந்தாள். யாத்திரிகர் பேசுமுன் யாராவது ஒரு தேவாரம் பாடுங்கள் என்று தலைவர் கேட்டபோது எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். அவள் எழுந்து பாடினாள். மேசை விசிறியை யாரோ தாமாகவே நிறுத்தினார்கள்.

"இதுதான்! இதைத்தான் நான் மூண்டு கிழமையாச் சொல்லுறன்," என்றார் யாத்திரிகர். அவருடைய கண் கலங்கியிருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வந்து பாடுவது அவளுக்கு வழக்கமாயிற்று.

கூட்டம் நாற்பதாகப் பெருகியது. நாற்பது தமிழர் ஓரிடத்தில் ஒரு மாதம் சேர்ந்து இருந்தால் இரண்டாம் மாதம் தலைவர், செயலாளர், பொருளாளர் பிறப்பார்கள். எங்களுக்கும் பிறந்தார்கள். பெயர் எல்லையற்றோர் மன்றம். எல்லோருக்கும் மேலே புரவலராக, போஷகர் என்ற பெயரில், யாத்திரிகர். கட்டடத் தலைவர் இங்கேயும் தலைவர். தலைமை தாங்கிப் பழகிய கழுத்து சும்மா இருக்காது. படிவங்கள் பழக்கம் என்பதால் நான் செயலாளர்.

மன்றத்தின் சட்டதிட்டங்களை வகுக்க யாப்பு எழுத உட்கார்ந்தோம். முதலாம் பிரிவு: இம்மன்றம் மனிதரைப் பிரிக்கும் எந்த எல்லையையும் ஏற்காது. ஏகமனதாக நிறைவேறியது. இரண்டாம் பிரிவு: அங்கத்துவத் தகைமைகள். அதற்கு நான்கு ஞாயிறு பிடித்தது.

அதற்கு முன்பு கொடி. தேசத்தை மறுக்கிற மன்றத்துக்குக் கொடி ஏன் என்று நான் கேட்டேன். கொடி இல்லாவிட்டால் எங்களுக்கு எல்லை இல்லை என்பது மற்றவர்களுக்கு எப்படித் தெரியும் என்று பொருளாளர் கேட்டார். காவி என்றார் ஒருவர். அது இந்தியாக்காரனுடையது என்று விழுந்தது. மஞ்சளும் சிவப்பும் என்று இன்னொருவர் புலிக்கொடியின் நிறங்களைச் சொல்ல, எல்லோரும் ஒரே நேரத்தில் ஜன்னல் பக்கம் பார்த்தோம். "சும்மா இரும் ஐசே, பொலிஸ் வரும்," என்றார் தலைவர். வெள்ளை சரணடைகிற கொடி. கடைசியில் இளநீலம். அச்சடிக்கக் கொடுக்கப் போனபோது கோல் ரோட்டு அச்சகத்து முஸ்லிம் முதலாளி, எங்கள் எல்லோருக்கும் நானா, படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மிஸ், இது எந்த நாட்டுக் கொடி?"

"நாடில்லை நானா. நாடே வேண்டாம் எண்டுற சங்கம்."

"அப்ப இந்த அடையாள அட்டை?"

"அங்கத்தவர்களுக்கு."

"இந்தப் பாட்டு?"

"மன்ற கீதம்."

நானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆமிய மட்டும்தான் இன்னும் தொடங்கல்ல போல," என்றார்.

அங்கத்துவப் படிவத்தை வரைந்தவள் நான்தான். முழுப் பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம், தொழில் என்று நான்கு கேள்விகளோடு கொண்டுபோனேன். குழு ஐந்தாவதாகப் பிறப்புச் சமயம் என்று சேர்த்தது. ஆறாவதாகச் சொந்த ஊர். இந்து சிந்தனையில் மன்றம் நிற்பதால் ஐந்தாவது அவசியம் என்று பொருளாளர் விளக்கினார். ஆறாவதை யாரும் விளக்கவில்லை. எங்களுக்குள் அதற்கு விளக்கம் தேவையில்லை. ஊர் தெரிந்தால் ஊருக்குள் எந்தப் பக்கம் என்று கேட்கலாம். எந்தப் பக்கம் என்று தெரிந்தால் மிச்சமெல்லாம் தெரிந்துவிடும். வெள்ளைக்காரன் பாவம், நாட்டுக்கு நாடுதான் கோடு போடத் தெரிந்தவன். கொடிமரத்துக்கு இந்தப் பக்கம் யார், அந்தப் பக்கம் யார், வாசலோடு நிற்க வேண்டியவர் யார் என்று கோடே இல்லாமல் எல்லை போடக் கற்றவர்கள் நாங்கள்.

அடுத்த ஞாயிறு என் தோழி பாடி முடித்து உட்கார்ந்ததும் பொருளாளர் கதிரையை இழுத்துக்கொண்டு பக்கத்தில் போனார்.

"அருமையான குரல். நீங்கள் எவடம்?"

"கொட்டாஞ்சேனை."

"அது இப்ப இருக்கிறது. சொந்த ஊர்?"

"அதுதான் சொந்த ஊர். அப்பா, அப்பாட அப்பா, அவருட அப்பா, எல்லாரும் ஹார்பர்ல வேலை."

"அதுக்கு முதல்?"

"அதுக்கு முதல் கடல் அண்ணே," என்றாள் அவள். அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

அவள் கத்தோலிக்க வீட்டுப் பெண் என்பதைப் பொருளாளர் எங்கோ விசாரித்து அறிந்துகொண்டார். அடுத்த குழுக் கூட்டத்தில் விஷயம் வந்தது. ஞானஸ்நானம் பெற்றவர் அங்கத்தவராகலாமா? நாங்கள் ஏழு பேர் இருந்தோம், அவள் இல்லை. யாத்திரிகர் இதை ஒரே வசனத்தில் முடித்துவிடுவார் என்று நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணை மூடி யோசித்தார்.

"ஆன்மாவுக்கு எல்லை இல்லை," என்றார். "அதில எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் மன்றம் எண்டது உடம்பு. உடம்புக்குத் தோல் வேணும்."

தோல் என்பது இணை அங்கத்தவர் என்ற புதிய வகுப்பு என்று முடிவாயிற்று. இணை அங்கத்தவர் வரலாம், பாடலாம், வடை சாப்பிடலாம், வாக்களிக்க முடியாது. அட்டையின் நிறம் வேறு. கைகள் உயர்ந்தன. ஐந்து, ஆறு. நான் பேனையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கூட்டக் குறிப்பு எழுதுகிறவள் கை உயர்த்துவது முறையல்ல என்று அந்த நிமிடத்தில் எனக்கு நானே ஒரு சட்டம் இயற்றிக்கொண்டேன். எதிர்த்தும் உயர்த்தவில்லை. 'ஏகமனதாக' என்று எழுதினேன். அழகான கையெழுத்து என்னுடையது.

படிவத்தை அவளிடம் கொடுத்ததும் நான்தான். அலுவலகத்தில் அவளுடைய மேசையில் வைத்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே கொள்கலன்களைப் பார்த்தபடி நின்றேன். அவள் வாசித்தாள்.

"அக்கா, நான் விசாவுக்கு ரெண்டு தரம் அப்ளை பண்ணி ரெண்டு தரமும் ரிஜெக்ட். தெரியும் தானே?"

"தெரியும்."

"அவங்களும் இப்பிடித்தான் கேட்டாங்க. எங்க பிறந்த, எதுக்கு வாற, எப்ப திரும்பிப் போற." பேனையை எடுத்தாள். "பரவாயில்ல. இந்த ஃபோம்ல பேங்க் ஸ்டேட்மென்ட் கேக்கல்லயே."

நிரப்பிக் கையெழுத்துப் போட்டுத் தந்தாள். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். அவளுக்குப் பாட வேண்டும், அவ்வளவுதான். இரண்டு வாரத்தில் மஞ்சள் அட்டை வந்தது. மற்றவர்களுடையது நீலம்.

மாசி மாதம் மன்றம் கதிர்காமத்துக்கு யாத்திரை போனது. பெரிய வான் ஒன்று. முன் இருக்கையில் போஷகர், அதற்குப் பின் குழு, பிறகு நீல அட்டைகள், கடைசி வரிசையில் அவளும், வரிசை பற்றிய கூச்சத்தில் நானும். வழி நெடுக யாத்திரிகர் ஒலிவாங்கியில் பேசினார். தமிழனும் சிங்களவனும் சோனகனும் ஒரே வாசலுக்கு நடந்து போகிற இடம், எல்லை கீறுகிறவன் தோற்கிற இடம் என்றார். நன்றாகவே பேசினார்.

கதிர்காமத்துக்குக் கொஞ்சம் முன்னால், பழைய இடிபாடுகள் உள்ள ஓர் இடத்தில் இறங்கினோம். நுழைவுச்சீட்டுக் கூண்டு இரண்டு. ஒன்று உள்ளூராருக்கு, மற்றது வெளிநாட்டாருக்கு. நாங்கள் உள்ளூர் வரிசையில் சேர்ந்தோம். யாத்திரிகர் அரைக் காற்சட்டை, அகன்ற தொப்பி, முதுகிலே குழாய் வைத்த தண்ணீர்ப் பையுடன் எல்லோருக்கும் முன்னால் போய், "டூ யூ டேக் கார்ட்?" என்று கேட்டார்.

கூண்டிலிருந்த இளைஞன் நிமிர்ந்து பார்த்தான். மரியாதையாகத்தான் மற்றக் கூண்டைக் காட்டினான். பிறகு, "சேர், மொன ரடெத?" என்றான்.

எந்த நாடு?

எனக்கு உடம்பு சிலிர்த்தது. மூன்று மாதமாக நாங்கள் காத்திருந்த கேள்வி, இதோ, கூண்டுக்குள்ளிருந்து வந்துவிட்டது. யாத்திரிகன் என்று சொல்லப்போகிறார் என்று நான் முன்னால் நகர்ந்தேன்.

"வட் டூ யூ மீன், வட் கன்ட்ரி?" அவருடைய முகம் சிவந்தது. "ஐ ஆம் ஸ்ரீலங்கன்! போர்ன் ஹியர்!" பிறகு பணப்பையைத் துழாவி, ஓரம் பிய்ந்த பழைய அடையாள அட்டை ஒன்றை எடுத்துக் கண்ணாடியில் அடித்தார். அட்டையில் தலை நிறைய முடியுள்ள ஓர் இளைஞன் இருந்தான். கூண்டுக்காரன் அந்தப் படத்தையும் தொப்பியையும் மாறி மாறிப் பார்த்தான். "பாஸ்போர்ட் எக்க?" என்று கேட்டான். பாஸ்போர்ட் வானில் பையில் இருந்தது. அதில் எந்த நாட்டின் சின்னம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"இது என்ர நாடு!" என்று அவர் தமிழில் கத்தினார். "நான் பிறந்த நாடு! என்னை வெளிநாட்டுக்காரன் எண்டு சொல்ல இவன் ஆர்?" தலைவர் அவருடைய தோளைப் பிடித்தார். பொருளாளர் ஒரு மரத்தின் மீது திடீரென்று அக்கறை கொண்டார். பின்னால் வரிசை நீண்டது. எங்களில் எவருடைய சிங்களமும் கூண்டுவரை போகத் துணியவில்லை.

அப்போது பின்னாலிருந்து அவள் வந்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கூண்டுக் கண்ணாடியில் குனிந்தாள்.

"மல்லி, மே அபே மஹத்தயா. அபே ரட்டே கெனெக்."

தம்பி, இவர் எங்கட ஐயா. எங்கட நாட்டு ஆள். தொடர்ந்து ஏதேதோ சொன்னாள். பெரியவர் வெய்யிலில் வந்திருக்கிறார், சாமி கும்பிடப் போகிறோம், பிறந்த இடத்தைக் கேட்டால் வயதானவர்களுக்கு நெஞ்சு அடைக்கும் என்ற மாதிரி. இளைஞன் சிரித்துவிட்டான். உள்ளூர்ச் சீட்டு ஒன்றைக் கிழித்து நீட்டினான். மன்றத்தில் வாக்குரிமை இல்லாத ஒருத்தி மன்றத்தின் போஷகருக்குக் குடியுரிமை வாங்கிக் கொடுத்தாள். அவர் நன்றி சொன்னாரா என்று நினைத்துப் பார்க்கிறேன். தொப்பியைச் சரி செய்தது மட்டும்தான் நினைவில் இருக்கிறது.

கதிர்காமத்தில் அவர் ஒலிவாங்கியை வானிலேயே விட்டுவிட்டு இறங்கினார். பழத்தட்டை ஏந்தி வரிசையில் நின்றபோது, முன்னால் வெள்ளை உடுத்த ஒரு சிங்களக் குடும்பம், பின்னால் மலையகத்திலிருந்து வந்த ஒரு கூட்டம். தட்டுக்கடியில் அந்த உள்ளூர்ச் சீட்டை அவர் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. ஐம்பது வருடம் வெளியே இருந்த மனிதரை ஒரு கேள்வி அப்படிக் குத்தியிருக்கிறது என்றால், அவர் ஒழிக்க நினைத்தது உள்ளே எவ்வளவு ஆழத்தில் இருந்திருக்க வேண்டும்.

இரக்கம் அடுத்த ஞாயிறுவரைதான் நீடித்தது. 'பிறந்த மண் வேறு, தேசம் வேறு' என்ற தலைப்பில் ஒன்றரை மணித்தியாலம் பேசினார். மண் தாய், தேசம் இயந்திரம், அன்று கூண்டில் அவர் பேசியது தாயைப் பற்றி. கைதட்டினார்கள்.

நான் யாத்திரை அறிக்கையை வாசித்தேன். நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தேன். அவள் என்ன சொன்னாள் என்பதையும். மண்டபத்தில் இருமல் கிளம்பியது.

"அந்தப் பந்தியை எடுத்துவிடுங்கோ, மிஸ்," என்றார் தலைவர். "யாத்திரை சிறப்பாக நடந்தது எண்டால் காணும்."

"எடுக்க ஏலாது. அதோட ஒரு பிரேரணையும் இருக்கு. படிவத்தில ஐஞ்சாம், ஆறாம் கேள்வியை நீக்க வேணும். மஞ்சள் அட்டையையும்."

வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவாக இரண்டு கை. ஒன்று என்னுடையது. மற்றது விசிறியைக் கூட்டச் சொல்லி ஒருவர் உயர்த்தியது. அதையும் நான் எண்ணிக்கொண்டேன். அன்றே செயலாளர் பதவியை விட்டேன். 'மன்ற விரோதச் செயல்' என்று புதிய செயலாளர் குறிப்பில் எழுதினாராம்.

பனி உருகி யாத்திரிகர் போன பிறகு மன்றம் இரண்டாகப் பிளந்தது. கொடியைக் கோயில் வீதியில் கொண்டுபோகலாமா என்பது காரணம். இப்போது கோல் ரோட்டுக்குக் கடல் பக்கம் ஒரு எல்லையற்றோர் மன்றம், உள்பக்கம் இன்னொரு எல்லையற்றோர் மன்றம். ஒன்றின் அட்டையை மற்றது ஏற்பதில்லை. யாப்பு எழுதித் தரச் சொல்லி இரண்டு தரப்பும் என்னிடம் வந்தார்கள். நேரமில்லை என்றேன். நேரம் இருந்தது.

தொடக்க விழாவில் பாட வரச்சொல்லி இரண்டு தரப்பும் அவளையும் கேட்டிருந்தார்கள். அதைக் கேள்விப்பட்டுத்தான் ஒரு சனிக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போனேன். இருபது வருடப் பழக்கத்தில் அவளுடைய வீட்டுக்கு நான் போனது அதுவே முதல் தடவை. பஸ்ஸில் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. ஒழுங்கைக்குள் இரண்டாவது வாசல். கணவர் வேலைக்குப் போயிருந்தார். அவள் கணவாய்க் கறி வைத்திருந்தாள்.

"போகப் போறீரோ?" என்று கேட்டேன்.

"இல்ல அக்கா. எனக்கு அம்மன் கோயில் இருக்கு. ஞாயித்துக்கிழமை நித்திர கொள்ளப் போறன்."

"கோபமோ?"

"கோபமில்ல." சோற்றைத் தட்டில் போட்டாள். "களைப்பு. பாட வந்தா, முதல்ல நான் ஆரெண்டு சொல்ல வேண்டியிருக்கு."

கொஞ்ச நேரம் சாப்பிட்டேன். வரும் வழியெல்லாம் பஸ்ஸில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வசனம் வாய்க்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

"அண்டைக்கு அந்தக் கூட்டத்தில நான் எதிர்த்துக் கை உயர்த்தியிருக்க வேணும்."

பரவாயில்லை அக்கா என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். இருபது வருடமாக அவள் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்லியிருக்கிறாள்.

"ஓம்," என்றாள். "உயர்த்தியிருக்க வேணும்."

பிறகு சட்டியைக் கிட்ட இழுத்து, எனக்கு இன்னும் ஒரு கரண்டி கறி போட்டாள்.